கரும்புத் தொட்டிலில் ஆறு வயது

சுரேஷ்குமாருக்குப் பக்தி முற்றிய பிறகு அவனுடைய ஆட்டோ மாதத்தில் பாதி நாள் வாசலில்தான் நின்றது. பிரதோஷத்துக்கு ஓட்ட மாட்டான், அமாவாசைக்கு ஓட்ட மாட்டான், கிருத்திகைக்கும் ஓட்ட மாட்டான். பௌர்ணமி வந்தால் அடி அண்ணாமலையில் ஆட்டோ வைத்திருக்கிற மற்றவர்களுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. இவன் அன்றைக்குக் காவி வேட்டி கட்டி, நெற்றி, மார்பு, கை என்று மிச்சமில்லாமல் விபூதி பூசி, கிரிவலப் பாதையில் தன்னுடைய அடியார் குழுவுக்கு முன்னால் நடப்பான். குழுவில் பதினோரு பேர். வேலைக்குப் போகாமலிருக்க மரியாதையான ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த பதினோரு பேர் எப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்களோ, அது அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

நான் வேடியப்பன். கிரிவலப் பாதையோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் பக்கத்து மாவுக் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்வேன். மாவுக் கடை உண்ணாமலையுடையது. அவள்தான் சுரேஷ்குமாரின் மனைவி. கடைக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. அந்த வீட்டில் உலை கொதித்தது அவளுடைய கிரைண்டர் சுற்றியதால்தான்.

விடியற்காலையில் எழுந்து உளுந்தைக் கழுவிப் போடுவாள். உளுந்து பொங்கி வருவதற்குள் ஒரு கையால் பெரியவனை எழுப்பி, ஒரு கையால் சின்னவனுக்குப் பால் ஆற்றுவாள். கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்துக் கழுவி மறுபடி போடுகிற வேலை ஒரு நாளைக்கு நாலு தடவை. கார்த்திகை மாதத்து ஈரத்தில் மாவு லேசில் புளிக்காது. டிரம்மைச் சுற்றிச் சாக்கு கட்டி அடுப்போரம் வைத்து, பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்து வைத்துப் பார்ப்பாள். புளிக்காத மாவை விற்றால் மறுநாள் பத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். புளிக்காத பக்தியை விற்றவனை யாரும் வந்து கேட்டதில்லை.

பெரியவன் இனியன். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. சின்னவன் பாலாஜி, நாலு நிரம்பவில்லை. பாலாஜி வாய் ஓயாமல் பேசுவான். இனியனுக்குத் திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் இரண்டையும் இறுக மூடிக்கொள்வான், கடைசியில் "ஒண்ணுமில்ல" என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அவனுடைய வகுப்பு டீச்சர் கீர்த்தனா நல்ல பெண். உண்ணாமலையைக் கூப்பிட்டு, பெரியாஸ்பத்திரியில் இதற்குப் பயிற்சி தருகிறார்கள், புதன்கிழமைதோறும் கூட்டிப் போங்கள் என்று சொன்னாள். ஆடி மாதத்திலிருந்து உண்ணாமலை புதன்கிழமை பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அவனை பஸ்ஸில் கூட்டிப் போனாள். அங்கே சினேகா மேடம் என்று ஒருத்தி பஞ்சை ஊதச் சொல்வாளாம், முதல் எழுத்தை இழுத்து மெதுவாக எடுக்கச் சொல்வாளாம். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் பையன் என் கடை வாசலில் வந்து நின்று, "வே...டி மாமா, ஒரு பென்சில்" என்றான். நான் அவனுக்கு இரண்டு பென்சில் கொடுத்தேன். அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. உண்ணாமலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களாண்ணே?" என்றாள்.

இதையெல்லாம் சுரேஷ்குமார் கவனிக்கவில்லை. அவன் உலக நன்மைக்காக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. நான் வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே இழுத்துப் போடும்போது, சுரேஷ்குமார் ஆட்டோவிலிருந்து இறங்கி நனைந்தபடியே மாவுக் கடைக்குள் நுழைந்தான்.

"உண்ணாமல, இனியன் வாயி ஏன் திக்குதுன்னு தெரிஞ்சு போச்சு."

"இன்னாங்க தெரிஞ்சுது?"

"நீ வேண்டிக்கினியே, கரும்புத் தொட்டிலு. அத செஞ்சமா? செய்யல. நீ சாமிக்கு வாயால குடுத்த வாக்கு. அத காப்பாத்தல. அதான் அவரு புள்ள வாயில கை வச்சுட்டாரு. நம்ம அருள்ராஜ் அண்ணன்தான் கேட்டாரு, நேத்திக்கடன் எதுனா நிக்கிதாடான்னு. கேட்டதும் எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு."

அருள்ராஜ் என்பவன் குழுவின் வீடியோக்காரன். குழு தும்மினாலும் அவன் போனில் பதிவாகும்.

வேண்டுதல் உண்ணாமலையுடையதுதான். கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளையில்லாமல், பிறந்தால் கரும்புத் தொட்டிலில் போட்டு மாட வீதி சுற்றி வருகிறேன் என்று கொடிமரத்தின் முன் அழுதவள் அவள். எங்கள் ஊரில் இது எல்லோரும் செய்வது. கார்த்திகைத் தேர் நாளில், கட்டுக் கரும்பில் மஞ்சள் சேலையைத் தூளியாகக் கட்டி, கைக்குழந்தையை அதில் போட்டு, தாய் ஒரு முனையும் தகப்பன் ஒரு முனையும் தோளில் வைத்து நாலு வீதியும் நடப்பார்கள். இனியன் பிறந்த வருஷம் கொரோனா, மாட வீதியில் ஆளை விடவில்லை. அடுத்த வருஷம் மாமனார் செத்துத் தீட்டு. அதற்கடுத்த வருஷம் பாலாஜி வயிற்றில். அப்புறம் சுரேஷ்குமாருக்குப் பக்தி வந்துவிட்டது. பக்தி வந்தவனுக்குச் சொந்த வேண்டுதலுக்கு நேரம் ஏது?

"செஞ்சுடலாங்க" என்றாள். "எனக்கும் மனசுல உறுத்திக்கினுதான் கீது. ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க. அண்ணாமலையாரு ஆறு வயசுப் புள்ள கழுத்தப் புடிச்சி கேக்கறவரு இல்ல."

"நீ கண்டியா? உனுக்கு சாமியப் பத்தி இன்னா தெரியும்? மாவரைக்கத் தெரியும்."

"மாவரைக்கத் தெரியுதில்ல, அத துன்னுட்டுத்தான மல சுத்தறீங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

"இப்ப சொல்றேன், கேட்டுக்கோ" என்றான் அவன். "தேர் முடியற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாது. சாமிகிட்ட ஒரு காலு, ஆஸ்பத்திரில ஒரு காலுன்னு நின்னா ரெண்டும் இல்லாம பூடும். தொட்டில்ல அவன தூக்கினு போறோம். பேய்கோபுரத்துக்கு எதுர்ல எறக்கறோம். அங்க அவன் அண்ணாமலைக்கு அரோகரான்னு சொல்றான். திக்காம சொல்றான். அருள்ராஜ் அண்ணன் வீடியோ எடுக்கறாரு."

"இன்னாது?"

"சொல்லுவான்றேன். நான் குழுவுல சொல்லிட்டேன்."

"ஏங்க, அவனுக்கு 'அ'னாலே வராதுங்க. அதுதான் அவனுக்கு எமன். அத்தன சனம் முன்னால நின்னு வரலேன்னா அப்பறம் அவன் வாயே தொறக்க மாட்டான். மேடம் தலதலையா அடிச்சிக்கறாங்க, மெரட்டாதீங்க, கூட்டத்துல நிறுத்தாதீங்கன்னு. உங்கள ஒரு வாட்டி இட்டாரச் சொல்லி மூணு வாரமா கேக்கறாங்க."

"நான் இன்னாத்துக்கு? எனக்கா திக்குது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி புருஷனாகவும் வாய்த்திருந்தான். அந்த வாரமே புதன்கிழமை கடை திறந்திருந்தது. அதற்கடுத்த புதனும் திறந்திருந்தது. பையன் பென்சில் கேட்க வரவில்லை. அவனுடைய அப்பா சாயங்காலமானால் அவனை முன்னால் நிற்க வைத்து, "சொல்றா, அ! அண்ணாமல! இதுகூட வராதா?" என்று கேட்பது எனக்குத் தகரம் வழியாகக் கேட்டது. பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வீட்டு விஷயம் என்று பேசாமல் இருக்கிறவன் தன்னைக் கண்ணியமானவன் என்று நினைத்துக்கொள்கிறான், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தேருக்கு முதல் நாள் கரும்பு வாங்க உண்ணாமலை என்னையும் கூப்பிட்டாள். சுரேஷ்குமாருக்கு அன்றைக்கு மௌன விரதம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து லோடு கொண்டுவந்து தேரடித் தெரு முனையில் கரும்பைச் சாய்த்து வைத்திருந்தார் இருசப்பன் என்ற பெரியவர்.

"தொட்டிலுக்காம்மா? நாலு கரும்பு போதும். எத்தினி மாசம் கொழந்திக்கு?"

"ஆறு" என்றாள் உண்ணாமலை. நிறுத்திவிட்டு, "வருசம்" என்றாள்.

"வருசமா?" அவர் கரும்பைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, அவனுக்குக் கரும்பு குடுத்தா கடிச்சித் துன்னுவானே, அவன எதுக்குத் தொட்டில்ல போடற?"

"வேண்டுதலுங்க. வருசம் தள்ளிப் போச்சு."

"அப்பிடின்னா நடக்க வச்சே சுத்தி வாங்களேன், சாமி இன்னா கோச்சுக்கப் போறாரா? பெருசான புள்ளய நடத்தியே இட்டாந்தவங்க எத்தினி பேர நான் பாத்துகீறன்."

"அவங்கப்பா ஒத்துக்க மாட்டாருங்க."

இருசப்பன் என்னைப் பார்த்தார். நான் அப்பா இல்லை என்பதுபோல ஒதுங்கி நின்றேன். அவர் தேடித் தேடிப் பன்னிரண்டு தடித்த கரும்பை எடுத்துக் கட்டினார். "தூக்கறவனுக்குத் தோள்பட்டைல தெம்பு கீதா?" என்று கேட்டார். உண்ணாமலை சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேரன்று மழை விட்டிருந்தது. மலை உச்சியில் மேகம் மூடியிருந்தாலும் கீழே நல்ல வெயில். பெரிய தேர் நகர்ந்து தேரடித் தெருவைத் தாண்ட, பின்னாலேயே தொட்டில்காரர்கள் புறப்பட்டார்கள். எல்லாம் மூன்று மாதம், ஐந்து மாதம். சேலைத் தூளியில் குழந்தை இருப்பதே தெரியாது, ஒரு சின்னப் புடைப்புதான். அந்த வரிசையில் பன்னிரண்டு கரும்பு வளைந்து தொங்க, மஞ்சள் சேலைக்கு வெளியே பள்ளிக்கூடத்துச் சாக்ஸோடு இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. இனியன் தலையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தான். முன்னால் உண்ணாமலை, பின்னால் சுரேஷ்குமார். அருள்ராஜ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். குழு சுற்றி வளைத்துக் கோஷம் போட்டது. நான் பாலாஜியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

"யாருப்பா அது, மாப்ளயவே தொட்டில்ல வச்சிட்டீங்களா?" என்று பொரிக் கடையிலிருந்து ஒருத்தி கத்தினாள். ஜனம் சிரித்தது. தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்ற இரண்டு பையன்கள், "டேய், நம்ம இனியன்டா! பாப்பா ஆயிட்டான்டா!" என்று கூடவே ஓடி வந்தார்கள். சேலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து விளிம்பை இழுத்து மூடியது.

சுரேஷ்குமார் தன் பிள்ளைகளைத் தூக்கி நான் பார்த்ததில்லை. தேரடித் தெரு முடிவதற்குள்ளேயே அவனுக்குத் தோள் மாற்ற வேண்டியிருந்தது. திருவூடல் தெருவுக்குள் திரும்பியதும் விபூதி வேர்வையில் கரைந்து வயிற்றில் கோடு கோடாக இறங்கியது. உண்ணாமலை கிரைண்டர் கல் தூக்குகிறவள், அவள் பாட்டுக்கு நடந்தாள்.

"நில்லுடி, நில்லு" என்றான்.

"இன்னும் மூணு வீதி கீதுங்க."

"நில்லுன்றேன்ல."

மேற்கு மாட வீதியிலிருக்கிற பேய்கோபுரம் வரை அவனால் வர முடியாது. அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனவே அற்புதத்தை ஒரு தெரு முன்னதாகவே நடத்திவிடத் தீர்மானித்தான். அருள்ராஜுக்குச் சைகை காட்டினான். குழு கைகோத்துக் கூட்டத்தை நிறுத்தியது. தொட்டில் பாதி இறங்கித் தொங்க, இனியன் தலையை வெளியே நீட்டினான்.

"இனியா, போனப் பாரு. இப்ப சொல்லு. அண்ணாமலைக்கு அரோகரா."

பையன் அம்மாவைப் பார்த்தான்.

"அங்க பாக்காத. இங்க பாத்துச் சொல்லு."

"அ..." என்றான் இனியன். "அ... அ... அ..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடிக்கொண்டது. யாரோ ஒரு பெண், "அய்யோ பாவம், ஊமப் புள்ள போல" என்றாள்.

"வுடுங்க" என்றாள் உண்ணாமலை. தோளில் கரும்பு இருந்ததால் அவளால் திரும்ப முடியவில்லை. "வுடுங்கன்றேன். அவன் ஒண்ணும் சொல்ல வாணாம். நம்ம வேண்டுதலு சுத்தறதுதான், பேசறது இல்ல."

"நீ வாய மூடு." சுரேஷ்குமார் குனிந்தான். போனில் விழாது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றதால் அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒழுங்கா சொல்லுடா. மானத்த வாங்காத. இப்ப சொல்லல, இந்தக் கூட்டத்துலயே உன்ன வுட்டுட்டுப் போயிடுவேன். எவனாச்சும் புடிச்சினு போவட்டும்."

இனியன் கண்ணைத் திறந்தான். அப்பன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நரம்பு அடங்கியது.

"வுட்டுட்டுப் போப்பா" என்றான். "எனக்கு அம்மா கீறாங்க."

ஒரு எழுத்து இடறவில்லை. அவ்வளவு தெளிவாக அந்தப் பையன் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அருள்ராஜின் போன் தானாகக் கீழே இறங்கியது. பாலாஜி என் தலைமயிரைப் பிடித்தபடி, "அண்ணன் பேசிச்சு" என்றான்.

அடுத்த நிமிஷம் குழுவில் பின்னாலிருந்த ஒருவன், என்ன பேசினான் என்று காதில் விழாத ஒருவன், "பேசிட்டான்! புள்ள பேசிட்டான்! அண்ணாமலைக்கு அரோகரா!" என்று கத்தினான். பத்துப் பேரும் கத்தினார்கள். ஜனம் கத்தியது. ஊமைப் பிள்ளை என்று சொன்ன பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். சுரேஷ்குமார் ஒரு நொடி திகைத்து நின்றான். ஒரு நொடிதான். பிறகு அவனும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அரோகரா!" என்றான்.

இரண்டு கையையும் தூக்கினால் கரும்பை யார் பிடிப்பது? அவன் பக்கத்து முனை தரையில் விழுந்தது. நல்லவேளை, பையனின் கால் ஏற்கெனவே தரையைத் தொட்டபடிதான் இருந்தது. எழுந்து நின்றுகொண்டான். உண்ணாமலை தன் முனையையும் கீழே வைத்தாள். மேகம் மூடிய மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி, தூக்க முடிஞ்ச வரைக்கும் தூக்கினு வந்துட்டேன். மிச்சத்த அவனே நடக்கறான். நீ கோச்சுக்காத" என்றாள். சேலையை உருவி இனியனின் தோளில் போர்த்தி, கையைப் பிடித்து நடந்தாள். நானும் பாலாஜியும் பின்னால் போனோம். மிச்ச வீதிகளையும் சுற்றி வந்தபோது, கரும்பு முழுவதையும் பிரசாதமென்று குழு கடித்துத் துப்பிவிட்டிருந்தது.

மறுநாளிலிருந்து அடி அண்ணாமலையில் சுரேஷ்குமார்தான் பேச்சு. ஆட்டோ ஸ்டாண்டில், டீக்கடையில், எங்கே நின்றாலும் கதை சொன்னான். "திருவூடல் தெருவுல வச்சு சாமி வாயத் தொறந்துட்டாரு." என்ன பேசினான் பையன் என்று கேட்டால், "அரோகராண்ணான். வேற இன்னா பேசுவான்?" என்பான். அருள்ராஜ் வீடியோவைப் போட்டான். பையன் வாய் அசைகிற இடத்தில் குரலை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தைச் சேர்த்திருந்தான். பிள்ளையில்லாதவர்கள் இரண்டு பேர் சுரேஷ்குமாரிடம் விபூதி வாங்கிப் போனார்கள். அவனும் வெட்கமில்லாமல் கொடுத்தான்.

வீட்டுக்குள் இனியன் அம்மாவிடம் திக்கித் திக்கிப் பேசினான். அப்பனிடம் பேசவே இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு உண்ணாமலை டிரம்மை மூடி, கடையைச் சாத்தினாள். பாலாஜியை என் நாற்காலியில் உட்கார வைத்தாள். "பாத்துக்கோங்கண்ணே, ரெண்டு மணிக்கு வந்துடுவேன்." இனியன் தலை வாரி, சுத்தமான சட்டையோடு நின்றான். சுரேஷ்குமார் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியோடு வந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உனுக்கு அறிவு கீதா? சாமி கொணமாக்கிட்டாருன்னு ஊரே பேசுது. இப்பப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா நாலு பேரு இன்னா கேப்பான்? எம் பேரு இன்னா ஆவறது?"

"அவன் பேச்சு இன்னா ஆவறது?"

"அதான் பேசிட்டானே!"

"ஆமா, பேசினான்." உண்ணாமலை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "மேடம் கேப்பாங்க, மொத மொதல்ல திக்காம இன்னா பேசினான்னு. எனக்குச் சொல்ல நாக்கு வராது. நீங்க வந்து சொல்லுங்க. அதுவும் வாணாமா? இதோ வேடியண்ணன் கீறாரு, அவருகிட்ட சொல்லுங்க. அரோகரான்ற கதைய வுடுங்க. புள்ள உங்களப் பாத்து இன்னா சொன்னானோ அத ஒரே ஒரு வாட்டி உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் போவல. கடையத் தொறக்கறேன்."

நான் மெஷினை நிறுத்தினேன். இந்தத் தடவை ஒளிந்து கேட்க அல்ல, எழுந்து வந்து வாசலிலேயே நின்றேன்.

சுரேஷ்குமார் என்னைப் பார்த்தான். ஆட்டோவைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான்.

"வு..." என்றான். "வு..."

உதடு குவிந்தது. அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு எழும்பியது. ஊருக்கெல்லாம் கதை சொன்ன வாய் அப்படியே நின்றது.

கிரிவலப் பாதையில் பஸ் ஆரன் கேட்டது. உண்ணாமலை பையனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. அப்பனின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

"இ... இரும்மா" என்றான். "அப்பா பேசறாரு."

அந்தப் பஸ்ஸை விட்டார்கள். சுரேஷ்குமார் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.